வாய்க்கால் அடைத்தால் யாரைக் கூப்பிடுவது? உள்ளாட்சி அதிகாரப் பரவலாக்கம்: ஓர் எளிய விளக்கம்

புதுச்சேரியில் தெரு வாய்க்கால் அடைத்துக்கொண்டால் ஜனங்கள் எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் போய் நிற்கிறார்கள். தெற்கே ஒரு மணி நேர பஸ் பயணத்தில் கடலூர். அங்கே அதே அடைப்புக்குக் கவுன்சிலருக்குப் போன் போடுகிறார்கள். புதுச்சேரிக்காரருக்குக் கவுன்சிலர் என்று ஒருவர் இல்லவே இல்லை. 2011-க்குப் பிறகு அங்கே நகராட்சிக்கும் பஞ்சாயத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளே கிடையாது.

"அதிகாரப் பரவலாக்கம்" என்ற சொல்லை மேடையில் எல்லாரும் பேசுகிறார்கள். புது தாலுகா அலுவலகம் திறந்தாலும் பரவலாக்கம், மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தாலும் பரவலாக்கம், ஆன்லைனில் சான்றிதழ் கிடைத்தாலும் பரவலாக்கம். இவையெல்லாம் நல்ல வசதிகள்தான், ஆனால் இந்தச் சொல் குறிப்பது வேறு. அதோடு "அனைவருக்குமான பிரதிநிதித்துவம்" என்ற இன்னொன்றும் சேர்ந்தே பேசப்படுவதால், இரண்டும் ஒன்றுதான் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அவை தனித்தனி விஷயங்கள். ஒன்று இருந்து மற்றது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கடலூரும் புதுச்சேரியும் கைவசம் இருக்கும் உதாரணங்கள்.

## பாரீசிலிருந்து வரும் பணம்

புதுச்சேரியில் பல குடும்பங்களில் யாராவது ஒருவர் பிரான்சில் இருப்பார். அப்படி ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மகன் பாரீசில். அம்மா, மருமகள், புருஷனை இழந்த அத்தை, பிள்ளைகள் எல்லாம் முத்தியால்பேட்டையில். வீட்டுச் செலவுக்கு மகன் மாதாமாதம் பணம் அனுப்ப வேண்டும். அதற்கு மூன்று வழி உண்டு.

முதல் வழி: அடுத்த தெருவில் இருக்கும் சித்தப்பாவிடம் பணத்தைக் கொடுத்துவைப்பது. குழாய் ரிப்பேர் என்றால் அம்மா அவரிடம் போய்க் கேட்க வேண்டும், அவர் பாரீசுக்குப் போன் போட்டு "செய்யலாமா?" என்பார். ஆள் பக்கத்தில்தான் இருக்கிறார், ஆனால் முடிவு எடுப்பது பாரீசில். தாலுகா அலுவலகம், வட்டார அலுவலகம் எல்லாம் இந்த வகை. இதை அலுவலகப் பரவல் என்று வைத்துக்கொள்வோம்: அரசின் கிளை கிட்டே வருகிறது, அரசின் முடிவு வருவதில்லை.

இரண்டாம் வழி: அம்மாவின் கணக்கிலேயே பணம் போடுவது, கூடவே ஒரு பட்டியலும் அனுப்புவது. இவ்வளவு மருந்துக்கு, இவ்வளவு பெயிண்டுக்கு, மாற்றக் கூடாது. கூரை ஒழுகினாலும் பெயிண்ட்தான் அடிக்க வேண்டும். உள்ளாட்சிக்கு வரும் பணத்தில் பெரும்பகுதி இப்படித்தான் வருகிறது. இதற்குக் கட்டுண்ட நிதி என்று பெயர்.

மூன்றாம் வழி: மாதம் இவ்வளவு என்று நிச்சயமாக அனுப்பிவிட்டு, "எது அவசரமோ நீங்களே பார்த்துச் செய்யுங்கள், கணக்கு மட்டும் எழுதிவையுங்கள்" என்று விட்டுவிடுவது. இதுதான் அதிகாரப் பரவலாக்கம்.

சரி, மூன்றாம் வழிக்கே வந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். இப்போது வீட்டுக்குள் யார் முடிவெடுக்கிறார்கள்? அம்மா மட்டுமா? மருமகளைக் கேட்பார்களா? அத்தையின் கண் ஆபரேஷன் பட்டியலில் எத்தனையாவது இடத்தில் இருக்கும்? இதற்கும் பாரீசுக்கும் சம்பந்தமில்லை. இது பிரதிநிதித்துவத்தின் கேள்வி.

சுருக்கமாக: முடிவும் பணமும் மேலிருந்து கீழே வருவது பரவலாக்கம். கீழே வந்தபின் அது எல்லார் கைக்கும் எட்டுவது பிரதிநிதித்துவம்.

## சட்டம் எதைக் கட்டாயமாக்கியது, எதை விட்டுவிட்டது

அரசியலமைப்பை எழுதியபோதே இதில் சண்டை இருந்தது. காந்தியர்கள் கிராமத்தையே ஆட்சியின் அடித்தளமாக்க வேண்டும் என்றார்கள். சாதி இறுகிக் கிடக்கும் கிராமத்தின் கையில் அதிகாரத்தைக் கொடுப்பதை அம்பேத்கர் ஏற்கவில்லை. கடைசியில் 40-ஆம் பிரிவில், வழிகாட்டும் நெறியாக மட்டும், பஞ்சாயத்து இடம்பிடித்தது. நீதிமன்றத்துக்குப் போய்க் கேட்டு வாங்க முடியாத வகை அது.

1957-இல் பல்வந்த்ராய் மேத்தா குழு, கிராமம், வட்டாரம், மாவட்டம் என்ற மூன்றடுக்கு முறையைப் பரிந்துரைத்தது. 1959 அக்டோபர் 2 அன்று ராஜஸ்தானின் நாகௌரில் நேரு அதைத் தொடங்கிவைத்தார். அப்புறம் முப்பது வருஷம் மாநிலங்கள் மனம்போல நடத்தின. தேர்தலைத் தள்ளிப்போடுவது சர்வசாதாரணமாக இருந்தது.

1992-இல் நிறைவேறி 1993-இல் நடைமுறைக்கு வந்த 73, 74-ஆம் திருத்தங்கள்தான் நிலைமையை மாற்றின. 73 கிராமப்புறத்துக்கு, 74 நகர்ப்புறத்துக்கு. இவை சில விஷயங்களைக் கட்டாயமாக்கின: ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல், அதை நடத்த மாநிலத் தேர்தல் ஆணையம், நிதியைப் பங்கிடும் வழியைச் சொல்ல மாநில நிதி ஆணையம், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு மக்கள்தொகை விகிதப்படி இடங்கள், பெண்களுக்குக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு, வாக்காளர் எல்லாரும் உட்காரும் கிராம சபை.

ஆனால் எந்தெந்த வேலையை உள்ளாட்சியிடம் ஒப்படைப்பது என்பதை மாநிலங்களின் விருப்பத்துக்கே விட்டுவிட்டன. பதினோராம் அட்டவணையில் பஞ்சாயத்துக்கு 29 துறைகள், பன்னிரண்டாம் அட்டவணையில் நகராட்சிக்கு 18 துறைகள் பட்டியல் போட்டிருக்கிறது. விவசாயம், பள்ளி, சுகாதாரம், குடிநீர், நூலகம் எல்லாம் உண்டு. மாநிலம் கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் இல்லை. ஆக நாற்காலிக்கு உத்தரவாதம் இருக்கிறது, மேசை மேல் வரும் கோப்புக்கு இல்லை. பாதிக் குழப்பம் இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

## வேலை, பணம், ஆள்

ஓர் உள்ளாட்சியின் கையில் நிஜமாகவே அதிகாரம் இருக்கிறதா என்று பார்க்க மூன்று கேள்வி போதும். எந்த வேலை அதனுடையது? அதற்கான பணம் யாருடையது? வேலை செய்யும் ஆள் யாருக்குப் பதில் சொல்கிறார்?

கடலூர் மாவட்டத்தில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் "ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி" என்று பெயர்ப்பலகை தொங்கும். படிப்பவர் அது ஒன்றியம் நடத்தும் பள்ளி என்றுதான் நினைப்பார். ஆசிரியரை நியமிப்பது, மாற்றுவது, சம்பளம் கொடுப்பது எல்லாம் மாநிலக் கல்வித் துறை. ஆசிரியர் மூன்று மாதமாக இல்லை என்றால் ஒன்றியத் தலைவராலும் மனு மட்டுமே கொடுக்க முடியும். பலகை ஒன்றியத்துடையது, பள்ளி துறையுடையது.

தமிழ்நாட்டில் கிராம ஊராட்சியின் சொந்த வேலை என்று உறுதியாகச் சொல்லக்கூடியவை தெருவிளக்கு, குடிநீர், தெருச் சாலை, வடிகால், துப்புரவு, சுடுகாடு. இவையும் பெரிய வேலைகள்தான், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 29 எங்கே, இது எங்கே?

பணம்? வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் ஆகியவை ஊராட்சியின் சொந்த வருமானம். சின்ன ஊராட்சியில் இது மின்கட்டணம் கட்டவே காணாது. மீதிக்கு மாநில நிதி ஆணைய மானியமும் மத்திய நிதி ஆணைய மானியமும்தான் கதி. 15-ஆவது மத்திய நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரை ஊரக உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியதில் 60 விழுக்காடு குடிநீர், துப்புரவு இரண்டுக்கு மட்டும் என்று கட்டிவைத்தது. அந்த இரண்டும் முக்கியம் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. ஆனால் பட்டியல் பாரீசிலிருந்தே வருகிறது, அவ்வளவுதான்.

ஆள் விஷயம் இன்னும் சுவாரசியம். ஊராட்சிச் செயலர் தலைவரின் கீழ் வேலை பார்க்கிறார். ஆனால் நடைமுறையில் அவர் கண் வட்டார வளர்ச்சி அலுவலர் பக்கமே இருக்கும், ஊர்க்காரர் வாயில் பி.டி.ஓ. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரைப் பதவிநீக்கும் நடவடிக்கையைத் தொடங்கும் அதிகாரம் 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆம் பிரிவின்படி ஆட்சியரிடம் இருக்கிறது. தவறு செய்தவரைத் தட்டிக்கேட்க ஓர் ஏற்பாடு வேண்டும்தான். ஆனால் ஓட்டு வாங்கி வந்தவரின் தலைக்கு மேல் ஓர் அதிகாரியின் கையைத் தொங்கவிட்டிருப்பது பரவலாக்கத்தோடு ஒட்டவில்லை என்பது என் கருத்து.

நெய்வேலி இன்னொரு விசித்திரம். நகரியத்துக்குள் சாலையும் குடிநீரும் மற்ற ஊர்களைவிட ஒழுங்காகவே இருக்கும், ஆனால் அதை நடத்துவது என்.எல்.சி. நிறுவனம். நல்ல பராமரிப்பும் உள்ளாட்சியும் ஒன்றல்ல என்பது அங்கே பளிச்சென்று தெரியும்.

இதுவரை பார்த்தது: தேர்தல் நடந்துவிட்டால் மட்டும் பரவலாக்கம் முடிந்துவிடாது. வேலை, பணம், ஆள் மூன்றில் எத்தனை கீழே வந்திருக்கிறது என்பதே அளவுகோல். தமிழ்நாட்டில் தேர்தல் உண்டு, வேலை கொஞ்சம் உண்டு, பணமும் ஆளும் அரைகுறை.

## பக்கத்தில் இருப்பவர் எல்லாம் நம்மவர் அல்லர்

இனி இரண்டாவது விஷயம். அதிகாரம் ஊருக்குள் வந்துவிட்டால் நியாயமும் கூடவே வந்துவிடும் என்ற நம்பிக்கை பலருக்கு இருக்கிறது. கடற்கரைப் பக்கம் போனால் அது கலைந்துவிடும்.

தேவனாம்பட்டினத்திலிருந்து கிள்ளை வரை மீனவர் ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்து என்று ஒன்று இருக்கிறது. இது சட்டப்படியான ஊராட்சி அல்ல. சமூகம் தானாக நடத்துவது. நாட்டார், பஞ்சாயத்தார் என்று ஆண்கள் உட்கார்ந்து முடிவெடுப்பார்கள். கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு; தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டுத் திருவிழாவும் வழக்கும் நடத்துவார்கள். எந்த வலை போடலாம், எப்போது கடலுக்குப் போகக் கூடாது என்பதையும் அங்கேதான் முடிவு செய்வார்கள். அதன் கட்டுப்பாட்டுக்கு முன் எந்த அரசு அலுவலகமும் நிற்க முடியாது.

2004 டிசம்பர் 26 சுனாமியின்போது இதன் பலம் தெரிந்தது. முகாமுக்கு ஆட்களைக் கூட்டிப்போவதும், நிவாரணப் பொருளைச் சண்டையில்லாமல் பங்கிடுவதும் ஊர்ப் பஞ்சாயத்துகளால்தான் முடிந்தது. பலவீனமும் அப்போதே தெரிந்தது. தலைக்கட்டுப் பட்டியலை வைத்துப் பங்கிட்டபோது தனியாக வாழும் பெண்கள் விடுபட்டார்கள். கடலோரத்தில் கூலி வேலை பார்த்த தலித் குடும்பங்களுக்கும் இழப்பு இருந்தது. மீனவர் பட்டியலில் அவர்கள் பெயர் எப்படி இருக்கும்? முடிவு ஊருக்குள்தான் எடுக்கப்பட்டது. அதை எடுத்த அறையில் இவர்கள் யாரும் இல்லை.

யாருடைய கெட்ட எண்ணமும் இல்லாமலேயே இது நடக்கும். கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இல்லாதவரின் பிரச்சினை ஞாபகத்துக்கு வருவதில்லை. அதனால்தான் கூட்டத்தில் யார் உட்கார வேண்டும் என்பதையே சட்டம் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

## இடஒதுக்கீடு எப்படி வேலை செய்கிறது

ஒரு கற்பனை ஒன்றியம். அதில் 40 கிராம ஊராட்சிகள். மக்கள்தொகையில் ஆதிதிராவிடர் 30 விழுக்காடு. அப்படியானால் 40 தலைவர் பதவிகளில் 12 அவர்களுக்கு. தமிழ்நாடு 2016-இல் பெண்களுக்கான பங்கைப் பாதியாக உயர்த்தியது. எனவே 40-இல் 20 பெண்களுக்கு. அந்த 20-க்குள் ஆதிதிராவிடப் பெண்களின் 6 அடங்கும். 12-ம் 20-ம் தனித்தனிக் கூடை இல்லை, அந்த 6 இரண்டிலும் சேர்ந்தே வரும். வார்டு உறுப்பினர் பதவிகளுக்கும் இதே கணக்கு.

எந்த ஊராட்சிக்கு எந்த ஒதுக்கீடு? அது நிரந்தரம் கிடையாது. தமிழ்நாட்டில் இரண்டு தேர்தலுக்கு, அதாவது பத்து வருஷத்துக்கு, ஒரே ஊரில் இருக்கும். பிறகு வேறு ஊருக்குப் போகும். இதற்குச் சுழற்சி என்று பெயர். "எங்கள் ஊரை மட்டும் ஏன் பிடித்தார்கள்?" என்று கொதிப்பவர்களுக்கு இதுதான் பதில்.

இடஒதுக்கீட்டில் மிகப் பரவலான தவறான புரிதல் ஒன்று உண்டு: தனித்தொகுதியில் அந்தச் சமூகத்தார் மட்டும் ஓட்டுப் போடுவார்கள் என்பது. அப்படி இல்லை. வேட்பாளர் மட்டும்தான் ஒதுக்கீட்டுப் பிரிவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். ஓட்டு ஊர் முழுக்க. வாக்காளரையே பிரித்துவைக்கும் முறை வேறு. அதைப் பார்க்க வெளிநாடு போக வேண்டாம், பிரெஞ்சுக்காரர் காலப் புதுச்சேரியில் ஐரோப்பியருக்கு ஒரு வாக்காளர் பட்டியல், இந்தியருக்கு வேறு பட்டியல் என்று வைத்துத்தான் தேர்தல் நடத்தினார்கள்.

ஊர் முழுக்க ஓட்டுப் போடுவதில் ஒரு நல்லது உண்டு: ஜெயித்தவர் எல்லாருக்கும் தலைவர். ஒரு சிக்கலும் உண்டு. ஆதிதிராவிடர் சிறுபான்மையாக இருக்கும் ஊரில், அவர்களுக்குள் யார் ஜெயிப்பது என்பதைப் பெரும்பான்மைச் சாதி முடிவு செய்யும். தங்கள் பேச்சைக் கேட்கும் ஆளாகப் பார்த்து நிறுத்தி ஜெயிக்கவைப்பதும் நடக்கும். அதுவும் முடியாதபோது தேர்தலையே நடக்கவிடாமல் செய்ததும் உண்டு. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996-இலிருந்து பத்து வருஷம் அப்படித்தான் ஓடியது. 2006-இல்தான் ஒழுங்காகத் தேர்தல் நடந்தது. மேலவளவில் 1997-இல் ஊராட்சித் தலைவர் முருகேசனும் மற்ற ஆறு பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஒரு கிராமத்தின் தலைவர் பதவிதானே என்று இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

## நாற்காலியும் கையெழுத்தும்

2020 அக்டோபரில் கடலூர் மாவட்டத்தின் ஒரு புகைப்படம் நாடெங்கும் பரவியது. புவனகிரிப் பக்கம் தெற்குத்திட்டை ஊராட்சி. கூட்டம் நடக்கிறது, மற்றவர்கள் நாற்காலியில் இருக்கிறார்கள். தலைவர், ஆதிதிராவிடச் சமூகத்தைச் சேர்ந்த பெண், தரையில் உட்கார்ந்திருக்கிறார். துணைத் தலைவர் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானது. ஊராட்சிச் செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்.

அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் நாற்காலியைப் பற்றித்தான் பேசினார்கள். பேச வேண்டியதுதான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பூட்டு சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், அந்தப் பதவிக்கு ஒதுக்கீடு உண்டு. துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள், அதற்கு ஒதுக்கீடு கிடையாது. தலைவர் ஒதுக்கீட்டில் வந்திருக்கும் ஊரில் பெரும்பான்மைச் சாதி துணைத் தலைவர் பதவியைக் குறிவைப்பது ஏன் என்றால், காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பது இங்கே நெடுநாள் ஏற்பாடு. பணத்தில் ஒருவர் மட்டும் கைவைத்துவிடக் கூடாதே என்ற நல்ல நோக்கத்தில் வந்தது அது. நடைமுறையில், துணைத் தலைவர் பேனாவை மூடிவைத்தால் மோட்டார் ரிப்பேருக்குக்கூடப் பணம் எடுக்க முடியாது. தண்ணீர் வரவில்லை என்று ஜனம் தலைவரைத் திட்டும். "பார்த்தீர்களா, இவர்களுக்கு நிர்வாகம் தெரியவில்லை" என்று பேச்சு கிளம்பும். தலித் ஊராட்சித் தலைவர்கள் பல மாவட்டங்களில் சொன்ன புகார் இது.

பெண் தலைவர்களுக்கு வேறு மாதிரி. நோட்டீசில் மனைவி பெயர், மேடையில் கணவர். ஊரில் "தலைவர் வந்துட்டாரு" என்றால் வேட்டி கட்டிய ஒருவர் பைக்கிலிருந்து இறங்குவார். இதைச் சொல்லி ஒதுக்கீடே வீண் என்று முடிப்பவர்கள் நிறைய. அவ்வளவு அவசரம் வேண்டாம். மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்திலும் ராஜஸ்தானின் உதய்பூரிலும் நடத்தி 2004-இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. அதைச் செய்த இருவரில் ஒருவரான எஸ்தர் டுஃப்லோ பின்னர் பொருளாதார நோபல் பெற்றார். எந்த ஊருக்குப் பெண் தலைவர் என்பது அங்கே ஒருவிதக் குலுக்கல் போல அமைந்திருந்ததால் இரண்டு வகை ஊர்களையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. பெண்கள் ஊராட்சியிடம் அதிகம் புகார் சொன்னது குடிநீரைப் பற்றி; பெண் தலைவர் இருந்த ஊராட்சிகள் குடிநீருக்குக் கூடுதலாகச் செலவழித்திருந்தன. கணவர் பைக்கில் வந்தும்கூட, குடத்தோடு நிற்பவர் பிரச்சினை கொஞ்சம் மேலே ஏறியிருக்கிறது. தமிழ்நாட்டின் பத்து வருஷச் சுழற்சி இதற்குத் தோதானது. முதல் ஐந்து வருஷம் கணவர் பின்னால் நின்றவர், இரண்டாம் முறை தானே பேசக் கற்றுக்கொண்டிருப்பார்.

நகரத்திலும் இதே ஒதுக்கீடுதான். கடலூர் நகராட்சி 2021-இல் மாநகராட்சியாக உயர்த்தப்பட்டது. 2022 பிப்ரவரித் தேர்தலில் தமிழ்நாட்டின் 21 மேயர் பதவிகளில் 11 பெண்களுக்குப் போயின. கடலூரும் அதில் ஒன்று, அதன் முதல் மேயரே பெண். மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி மன்றங்களில் நியமன உறுப்பினர்களாக்க 2025 ஏப்ரலில் சட்டமன்றம் மசோதாக்களை நிறைவேற்றியது. நியமனம் தேர்தலுக்கு ஈடாகாது என்றாலும், சாய்தளம் இல்லாத கூட்ட அரங்கைப் பற்றி உள்ளேயிருந்து பேச ஒருவர் கிடைப்பார்.

இந்தப் பகுதியின் சுருக்கம்: ஒதுக்கீடு ஆளை உள்ளே கொண்டுவருகிறது. உள்ளே வந்தவர் கையில் என்ன இருக்கும் என்பதைக் கையெழுத்து, செயலர், துணைத் தலைவர் போன்ற சின்ன விதிகளே தீர்மானிக்கின்றன.

## புதுச்சேரி: இருந்தது, போனது

புதுச்சேரிக்கு உள்ளாட்சி புதிது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1880-லேயே பிரெஞ்சு அரசாணைப்படி இங்கே கொம்யூன் என்ற உள்ளாட்சிப் பிரிவுகளும் நகராட்சி மன்றங்களும் வந்துவிட்டன. கடற்கரைச் சாலையில் இடிந்து விழுந்து திரும்பக் கட்டப்பட்ட மேரி கட்டடம் அந்தக் கால நகராட்சி அலுவலகம்தான்.

அதைவிடப் பெரிய சங்கதி, 1954 அக்டோபர் 18. இந்தியாவோடு இணைவதா என்று கீழூரில் வாக்கெடுப்பு. ஓட்டுப் போட்டவர்கள் 178 பேர்: பிரதிநிதி சபை உறுப்பினர்களும் நகராட்சி மன்ற உறுப்பினர்களும். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. ஊரின் தலைவிதியையே எழுதியவர்களில் உள்ளாட்சி உறுப்பினர்களும் இருந்தார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில் 1968-இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது, அடுத்தது நடக்க 2006 ஆனது. நடுவில் 38 வருஷம். 2006-இல் வந்தவர்களின் காலம் 2011-இல் முடிந்தது. மறுபடி வெறுமை.

அமைப்பெல்லாம் அப்படியேதான் இருக்கிறது. புதுச்சேரி, உழவர்கரை, காரைக்கால், மாஹே, ஏனாம் என்று 5 நகராட்சிகள். அரியாங்குப்பம், பாகூர், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம் உள்ளிட்ட 10 கொம்யூன் பஞ்சாயத்துகள். அவற்றின் கீழ் கிராமப் பஞ்சாயத்துகள். அலுவலகம் திறக்கிறது, வரி வசூலாகிறது, ஆணையர் கையெழுத்திடுகிறார். மன்றம் மட்டும் இல்லை.

2021-இல் தேர்தல் தேதியே அறிவித்தார்கள். இடஒதுக்கீட்டுச் சிக்கலில் நின்றுபோனது. பிற்படுத்தப்பட்டோருக்கு உள்ளாட்சியில் ஒதுக்கீடு கொடுப்பதானால் மூன்று நிபந்தனை என்று உச்ச நீதிமன்றம் வகுத்திருக்கிறது: அவர்களின் நிலையை ஆராயத் தனி ஆணையம், ஒவ்வோர் உள்ளாட்சிக்கும் எவ்வளவு என்ற கணக்கு, ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு மூன்றும் சேர்ந்து 50 விழுக்காட்டைத் தாண்டாமை. ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஒதுக்கீட்டுக்கு மக்கள்தொகைக் கணக்கு கையிலேயே இருக்கிறது. பிற்படுத்தப்பட்டோருக்கு அப்படி ஊர்வாரிக் கணக்கு இல்லை, எடுக்க வேண்டும். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பிற்படுத்தப்பட்டோருக்குத் தனி ஒதுக்கீடு இல்லாததால் அங்கே இந்த முட்டுக்கட்டை வரவில்லை.

ஒதுக்கீடு கேட்பது நியாயம். ஆனால் அது முடியும்வரை தேர்தலே வேண்டாம் என்றால், கிடைக்க வேண்டியவருக்கும் இல்லை, மற்றவருக்கும் இல்லை. 2022 மே மாதம் மத்தியப் பிரதேச வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: மூன்று நிபந்தனையும் முடியாவிட்டால் அந்த இடங்களைப் பொதுவாக அறிவித்துத் தேர்தலை நடத்து, ஐந்து வருஷக் கெடுவைத் தாண்டாதே.

எனக்கு ஒரு சந்தேகமும் உண்டு. புதுச்சேரிச் சட்டமன்றத்துக்கு 30 தொகுதி, எல்லாமே சின்னச் சின்னத் தொகுதிகள். வாய்க்காலையும் விளக்கையும் பார்த்துக்கொண்டே எம்.எல்.ஏ.க்கள் தெருவுக்குத் தெரு பெயர் வாங்குகிறார்கள். அந்த வேலைக்குக் கவுன்சிலர் வந்துவிட்டால் அவர்களுக்கு என்ன மிச்சம்? எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் இந்தத் தேர்தலில் அவசரம் தெரியாததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

## தனி அலுவலர் காலம்

கடலூர்க்காரர்கள் ரொம்பப் பெருமைப்படவும் வேண்டாம். தமிழ்நாட்டில் உள்ளாட்சிகளின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. ஊரகத் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில், அதுவும் 27 மாவட்டங்களில் மட்டும். கடலூர் அவற்றில் ஒன்று. நடுவில் மூன்று வருஷம் தனி அலுவலர் ஆட்சி. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாதபோது அதன் அதிகாரம் முழுவதையும் வைத்திருக்கும் அரசு ஊழியர்தான் தனி அலுவலர். மன்றம் இல்லாத அந்தக் காலத்தில் மத்திய நிதி ஆணைய மானியமும் நின்றது. அந்தத் தேர்தலில் வந்த ஊரக உள்ளாட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்ததும் பொறுப்பு மறுபடி தனி அலுவலர்களிடம் போனது.

அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். கிராம ஊராட்சிக்குத் தனி அலுவலர் பி.டி.ஓ. ஒரு பி.டி.ஓ.வின் கீழ் எத்தனை ஊராட்சி என்று எண்ணிப் பாருங்கள். இரவு பதினொரு மணிக்கு மோட்டார் எரிந்துபோனால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? தலைவர் வீடு ஊருக்குள் இருந்தது. தட்டினால் திறந்தார், திறக்காவிட்டால் அடுத்த தேர்தலில் தெரிந்தது.

மன்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தமிழ்நாட்டில் கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் எல்லாரும் அதன் உறுப்பினர்கள், யாரும் அழைக்க வேண்டியதில்லை. வரவு செலவை அங்கே வாசிக்க வேண்டும். வாசிப்பவர் வேகமாகத்தான் வாசிப்பார். நிறுத்தி, மின்கட்டணம் எவ்வளவு, மோட்டார் ரிப்பேர் எத்தனை முறை, எந்தத் தெருவில் விளக்கு மாற்றினார்கள் என்று கேட்கலாம். தீர்மானம் எழுதும் நோட்டில் எல்லாரும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், எழுதியதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். எழுதாத பக்கத்தில் கையெழுத்து வாங்கும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது.